பின்வாசலில் அடுக்கிய பெட்டிகள்

என் அக்காவைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருக்கிற கையெழுத்து என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மற்றவர்களைத் திட்டும்போது, "நீ மட்டும் என்ன யோக்கியம்?" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. யோக்கியம் இல்லைதான். ஆனாலும் திட்டுவேன்.

செல்போன் ஒவ்வொரு கையாக வந்துகொண்டிருந்த காலம் அது. மதுரையில் ஐகோர்ட் கிளை திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிற வேலை. காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினில் ஏறும். தினசரிக் காலண்டரில் ராகு காலம் அரை மணி நேரம் மாறிவிட்டால் போதும், கடைக்காரர்கள் வரிசையாக வந்து பிரஸ் வாசலில் நின்று கத்துவார்கள். அதனால் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டேன். முதலாளி என்னைக் காட்டி, "இந்தப் பிள்ள கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாக்கும்" என்று ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் பெருமையடிப்பார்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வேன் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு வரும், ஏறிப் போவாள். சாயங்காலம் அலுமினியப் பொடி அப்பிய கையோடு இறங்குவாள். அந்த வேனை ஓட்டியவர் அவள் புருஷன், என் மச்சான்.

தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த சீசனில்தான் அது நடந்தது. வெடிமருந்து அடைக்கிற அறையில் நான்கு பேருக்குமேல் உட்காரக் கூடாது. அன்றைக்கு எட்டுப் பேரை உட்கார வைத்திருந்தார்கள். அந்த அறைக்கு முன்வாசல், பின்வாசல் என்று இரண்டு உண்டு. ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் ஓடித் தப்பிக்கத்தான் இரண்டு. மத்தியானம் தூறல் விழுந்தது. முடித்த சரக்கு நனைந்துவிடும் என்று பெட்டிகளைப் பின்வாசலை ஒட்டி உள்ளே அடுக்கச் சொன்னார் போர்மேன். அடுக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா தண்ணீர் குடிக்கத் தொட்டிக்குப் போனாள். அவள் சொம்பைக் கையில் எடுக்கையில் அறை வெடித்தது. முன்வாசல் பக்கம் தீ. மற்ற ஏழு பெண்களும் பின்வாசலுக்குத்தான் ஓடியிருக்கிறார்கள். ஏழு பேரையும் அங்கேதான் எடுத்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அறைக்குள் இருந்தது நான்கு பேர்தானாம். மூன்று பேர் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம். பின்வாசல் விரியத் திறந்து கிடந்ததாம், பதற்றத்தில் பெண்களுக்குத்தான் ஓடத் தெரியவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தப் பாவிகள் ஒரு வாசலையே மறைத்தார்கள். அறையும் தரைமட்டம், பெட்டியும் சாம்பல். இல்லை என்று சொல்ல உயிரோடு இருந்தவள் அக்கா ஒருத்திதான். கோட்டாட்சியர் விசாரணை வைக்கப்போகிறார் என்று தகவல் வந்தது. அன்று போய் உள்ளதைச் சொல்வேன் என்று அக்கா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அவளுக்குத் தூக்கம் போனது உண்மை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுதாள், சோறு இறங்கவில்லை, அதுவும் உண்மை. ஏழு பேரும் அவளோடு ஒரே வேனில் போய் வந்தவர்கள். அழாமல் என்ன செய்வாள்? இன்னொன்றும் செய்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் நேராகப் பின்வாசலுக்குப் போவாள். அங்கே அரிசி மூட்டையோ சைக்கிளோ மறித்துக்கொண்டிருந்தால் இழுத்து நகர்த்தி வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரியின் கிரைண்டரை நகர்த்தப்போய் அது காலில் விழப் பார்த்தது. அன்றிலிருந்து தெருவில் பேச்சு மாறிவிட்டது. "பாவம், அதுக்குப் புத்தி பெசகிப் போச்சு" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவள் மாமியார் இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டு கூட்டிப் போனாள். நான் பகுத்தறிவு பேசுகிறவள், அதற்கே சண்டை போட்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கிழவிக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மாரியாத்தா கோயிலில் அக்கா மூன்று நாள் ஆற்றுமணலில் படுத்துத் தூங்கினாள். யாரும் அவளைக் கட்டவில்லை, வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையைத் திணிக்கவில்லை. அதெல்லாம் படித்தவர்கள் செய்தது.

கோயிலிலிருந்து திரும்பிய மறுநாள் அவள் பஸ் நிறுத்தத்தில் கம்பெனி வேனை மறித்தாள். "எல்லாரும் போங்க, வேணாங்கல. உள்ள உக்காருமுன்னே பின்வாசலத் தெறந்து பாத்துட்டு உக்காருங்கத்தா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பாதிப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். அன்றைக்கு இரண்டு அறை வேலை நின்றது.

மறுநாளே போர்மேன் வீட்டுக்கு வந்துவிட்டார். பழமும் ஹார்லிக்ஸும் வேறு. "மதுரை ரோட்டுல நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காக. ரெண்டு நாளு தூங்க வச்சு அனுப்பிருவாக. செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கிரும்" என்றார். மச்சான் தலையாட்டினார். நானும்தான் தலையாட்டினேன். அவள் தூங்கினால் போதும் என்றிருந்தது எனக்கு. அதே கம்பெனி வேன், மச்சான் ஓட்ட, போர்மேன் முன்னால், நானும் அக்காவும் பின்னால். அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள்.

அது ஒரு தனியார் மனநல விடுதி. முன்னறையில் உட்கார்ந்திருந்த கிளார்க் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷ். மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாது. போர்மேன் என்னைப் பார்த்து, "டிகிரி படிச்ச பிள்ள இருக்கும்போது நமக்கென்ன கவல, நீயே போடு தாயி" என்றார். எங்கள் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் உங்களுக்குத் தெரியாது. கம்பெனியில் சனிக்கிழமை தோறும் பெண்கள் வரிசையில் நின்று நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்கிறவளை, "என்ன, நம்பிக்க இல்லையோ?" என்று கேட்பார்கள். எங்கள் குடும்பத்தில் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் பெண் நான். பேனாவை நீட்டினால் வாங்கிவிடுவேன், அந்தப் பெருமை எனக்கு. காட்டிய மூன்று இடத்திலும் அழகாகப் போட்டேன். நாள் முழுக்க எழுத்தெழுத்தாக வாசிக்கிறவள், அன்று ஒரு வரி வாசிக்கவில்லை. வெளங்குமா?

பத்து நாள் யாரும் வந்து பார்க்கக் கூடாது என்றார்கள். பதினோராம் நாள் காரியாபட்டியில் பஸ் மாறிப் போனேன். இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள். வாயோரம் எச்சில் வழிந்தது. என் அக்காதான் என்று அறிந்துகொள்ள எனக்கு நேரம் பிடித்தது. மணிக்கட்டில் துணி வைத்துக் கட்டிய தழும்பு. நாக்கு புரளாமல் பேசினாள். "கரண்டு வைக்காக புள்ள. நாலு தடவ வச்சுட்டாக. விசாரண என்னைக்குன்னு மறந்து போகுது. நீ எழுதி வச்சிக்கோ."

நர்ஸ் அவள் கேஸ் ஷீட்டை மேசையில் விரித்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாக வாசிப்பது பிரஸ்காரர்களுக்குச் சாதாரணம். வாசித்தேன். நோயின் அறிகுறிகள் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அறைக்குள் நுழையுமுன் குனிந்து தரையில் கை வைக்கிறாள். தலையில் ஊக்கு, ஊசி வைத்துக்கொள்ள மறுக்கிறாள், மற்ற நோயாளிகளின் தலையிலிருந்தும் பிடுங்குகிறாள். நைலான் நைட்டி உடுத்தப் பயப்படுகிறாள். கதவு மூடிய அறையில் உட்கார மறுக்கிறாள். பின்கதவை மறித்த கட்டிலை இழுத்துப் போடுகிறாள்.

 இவை எல்லாம் பட்டாசுக் கம்பெனியின் பாதுகாப்பு விதிகள். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்றுதான் உள்ளே போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டையோ தரையையோ தொடச் சொல்வார்கள். உரசினால் பொறி கிளம்பும் என்றுதான் ஊக்கும் நைலானும் கூடாது. பதினைந்து வருஷம் அதையே செய்தவளுக்கு எந்த வாசலைக் கண்டாலும் கை தானாகத் தரைக்குப் போகும். விதியை மீறி ஏழு பேரைக் கொன்றவன் பழத்தோடு வீடு வீடாகப் போகிறான். விதிப்படி நடக்கிறவளைக் கட்டிலில் கட்டி மண்டையில் கரண்டு வைக்கிறார்கள். இந்த ஊரில் யாருக்கையா பைத்தியம்?

அழுதுகொண்டே விருதுநகர் வந்தேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் மனித உரிமை வழக்குகளைப் பார்க்கிற ஒரு வக்கீலம்மா இருந்தார். அவருடைய துண்டறிக்கைக்கு ஒரு முறை நான் பிழை திருத்திக் கொடுத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்க சம்மதம் இல்லாம சேர்க்கணும்னா ரெண்டு டாக்டர் நேர்ல பார்த்துச் சான்று தரணும். ஒருத்தர் அரசாங்க டாக்டரா இருக்கணும். அப்படி யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை. "அப்ப நோட்டீஸ் விடுவோம். கேக்கலேன்னா ஐகோர்ட். ஆனா ஒண்ணு, சேர்த்த ஆளே அனுப்புங்கன்னு கேட்டா பலம் கூடும். சேர்த்தது யாரு?" என்றார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மச்சானும் கூட வந்து கேட்டால் சீக்கிரம் விடுவார்கள் என்று அவரிடம் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "ரெண்டு பிள்ளைக இருக்கு. இந்த ஸ்டீரிங்க விட்டா எனக்கு என்ன தெரியும்? விசாரண முடியட்டும் புள்ள, அப்புறம் கூட்டியாந்திருவோம்" என்றார்.

"விசாரண முடியட்டும்னு யாரு சொன்னா? போர்மேனா?"

அவர் வாளியை எடுத்து டயரில் தண்ணீர் ஊற்றினார். "அவ ஒங்கள நம்பி ஏறுனா மச்சான். கரண்டு வைக்காக அவளுக்கு. கேக்குதா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். வேன் டயரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

தனியாகத்தான் டாக்டரைப் பார்க்கப் போனேன். கையில் ஒரு போஸ்டர் வைத்திருந்தேன். கம்பெனி வாசல்களில் ஒட்டுகிற பாதுகாப்பு விதிகள் எங்கள் பிரஸ்ஸில்தான் அச்சாகும், அதற்குப் புரூஃப் பார்த்தது நான். டாக்டர் மேசையில் அதை விரித்து, "நீங்க நோயின்னு எழுதுனதெல்லாம் இதுல நம்பர் போட்டு இருக்கு சார், பாருங்க" என்றேன்.

அவர் போஸ்டரைத் தொடக்கூட இல்லை. "அங்க செஞ்சா விதி. இங்க வந்தும் செய்றாங்களே, அதாம்மா நோய்" என்றார்.

"பதினஞ்சு வருசம் பட்டாளத்துல இருந்தவரு வீட்டுலயும் வெறப்பாத்தான் நடப்பாரு. அவருக்கும் கரண்டு வைப்பீகளா?" என் குரல் ஏறிவிட்டது. மேசையைத் தட்டியும் விட்டேன்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். மிகவும் அன்பாகக் கேட்டார். "நீங்க எத்தன நாளா சரியாத் தூங்கல? அக்கா தங்கச்சிக்குள்ள இது வர்றது உண்டு."

 கோபப்பட்டால் என் பெயரிலும் ஒரு ஷீட் திறப்பார்கள் என்று புரிந்துபோயிற்று. மேசையிலிருந்து கையை எடுத்தேன். "மன்னிச்சிருங்க சார்" என்றேன். அந்த மன்னிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. குரலைத் தாழ்த்தி, வக்கீல் நோட்டீஸை போஸ்டர்மேல் வைத்தேன். என் அக்காவை நேரில் பார்த்த அரசாங்க டாக்டர் யார் என்று அதில் கேட்டிருந்தது. அதற்குமட்டும் அவர் முகம் மாறியது. நான்காம் நாள் அக்காவை அனுப்பிவிட்டார்கள். 'முன்னேற்றம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நாசமாய்ப் போன முன்னேற்றம்! அவளால் தன் சேலைக் கொசுவத்தைச் செருக முடியவில்லை.

விசாரணைக்கு ஆறு நாள் இருந்தது. அவளை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அன்று நடந்ததைச் சொல்லச் சொல்வேன். நடுவில் விட்டுப்போகும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவளுக்கு ஒன்று மட்டும் மறக்கவே இல்லை, அதை விசாரணையில்தான் வெளியே சொன்னாள்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம். செத்த பெண்களின் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாக்குத் தடித்துத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "எட்டுப் பேரு இருந்தோம் சார். பின்வாசல்ல பெட்டி அடுக்கச் சொன்னாக. அடுக்குனோம். அதுல நாலு பெட்டி நான் தூக்கி வச்சது." அதிகாரியின் பேனாவைக் காட்டினாள். "என்னையும் சேத்து எழுதிக்கோங்க. ஆனா பெட்டி இருந்துச்சுன்னு எழுதுங்க."

அதிகாரி எழுதத்தான் குனிந்தார். கம்பெனி வக்கீல் எழுந்து ஒரு ஜெராக்ஸை அவர்முன் வைத்தார். அதிகாரி அந்த இங்கிலீஷை வாசித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னார். "இது ஆஸ்பத்திரியில சேர்க்கக் குடுத்த மனு. 'என் அக்கா நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறாள். வேலை செய்த அறையின் பின்வாசலில் பெட்டிகள் இருந்ததாகக் கற்பனை செய்துகொண்டு எல்லாரையும் தொந்தரவு செய்கிறாள்'னு இதுல இருக்கு. கீழ இருக்கது உங்க கையெழுத்தா?"

"சார், அது அவுகளே டைப் அடிச்சு..."

"உங்க கையெழுத்தா இல்லையா?"

"என் கையெழுத்துதான்."

"தேதியைப் பார்த்தீங்களா?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். "விபத்து நடந்து மூணு வாரம்தான். அப்பவே சொந்தத் தங்கச்சி எழுதிக் குடுத்திருக்காங்க. படிச்ச பொண்ணு சார், பிரஸ்ல புரூஃப் ரீடர்."

எங்களோடு வந்திருந்த வக்கீலம்மா எழுந்து ஆட்சேபித்தார். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். அக்காவின் வாக்குமூலத்துக்குக் கீழே, மனநல சிகிச்சை பெற்றவர் என்று ஒரு வரி சேர்த்தார். பின்வாசல் அதோடு மூடிவிட்டது. செத்தவர்களின் வீட்டுக்காரர்கள் யாரும் என்னிடம் பேசவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அக்காவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகத்தான் கேட்டாள்.

"ஏ புள்ள, அந்தக் காயிதத்த வாசிச்சுட்டுப் போட்டியா, வாசிக்காமப் போட்டியா?"

"சத்தியமா வாசிக்கலக்கா."



"வாசிச்சுட்டுப் போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நம்ம சொன்னத இவ நம்பல போலன்னு இருந்திருப்பேன்" என்றாள். "ஊரான் வீட்டுக் காலண்டர அம்புட்டு வாசிக்கிற. எனக்கு ஒரு பக்கம் வாசிக்க ஒனக்கு நேரமில்ல."